வண்டிகளை எண்ணினால் விபத்தைச் சொல்லிவிடலாமா?

கேள்வி: எங்கள் ஊர் விலக்கில் இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற லாரி, பஸ், பைக்கை எல்லாம் தனித்தனியாகக் கோடு போட்டு எண்ணினார்கள். இதை வைத்து விபத்து வருமென்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?
– ஒரு வாசகி, உளுந்தூர்பேட்டை

பதில்: நாளைக்கு யார் அடிபடுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு நாலு கிலோமீட்டர் ரோட்டில் வருஷத்துக்குச் சராசரியாக எத்தனை விபத்து நடக்கலாம் என்று கணக்குப் போடலாம். அதற்கு மொத்த எண்ணிக்கை மட்டும் போதாது, எந்த வண்டி எத்தனை என்பதும் வேண்டும்.

1949இல் ஸ்மீட் என்ற ஆங்கிலேயர், ஒரு நாட்டின் மக்கள்தொகையையும் வாகன எண்ணிக்கையையும் மட்டுமே வைத்துச் சாலை மரணங்களுக்கு ஒரு சூத்திரம் சொன்னார். அதில் லாரியும் ஒன்று, பைக்கும் ஒன்று. நம் பொறியாளர்கள் வேறு மாதிரி எண்ணுகிறார்கள். ஊர்ப்புறச் சாலைகளுக்கு, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் 1990இல் தந்த விதிப்படி ஒரு காரை 1 என்று வைத்தால், பைக் அரை, பஸ்ஸும் லாரியும் 3, மாட்டுவண்டி 8. மெதுவாகப் போய்ப் பின்னால் வருகிற எல்லாரையும் மறிப்பதால் மாட்டுவண்டிக்கு அவ்வளவு.

சரி, இது ரோட்டில் யார் எவ்வளவு இடம் அடைக்கிறார் என்கிற கணக்கு. உயிருக்கு இது உதவாது. இரண்டு பைக் ஒரு காருக்குச் சமம் என்று எழுதிவிடலாம், ஆனால் லாரி மோதினால் காரில் இருப்பவரைச் சுற்றித் தகரமாவது இருக்கிறது, பைக்கில் வருபவருக்கு ஹெல்மெட்டை விட்டால் என்ன இருக்கிறது? 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். அதனால்தான் விபத்துக் கணிப்பில் ஒவ்வொரு வகை வண்டியையும் தனியாக வைத்துப் பார்க்கவேண்டும் என்கிறேன், அதோடு வேக வித்தியாசத்தையும்.

உங்கள் ரோட்டையே பாருங்கள். கரும்பு டிராக்டர் இருபதில் ஊர்ந்து போகிறது, பின்னால் சிவப்பு விளக்குகூட இல்லை. அறுபதில் வருகிற பஸ் பொறுமை இழந்து வலது பக்கம் ஏறுகிறது. எதிரே பால் கேனோடு மொபெட்டில் வருபவர் தாரை விட்டு மண்ணில் இறங்குகிறார், தாருக்கும் மண்ணுக்கும் நடுவே அரையடிப் பள்ளம். எல்லாரும் ஒரே வேகத்தில் போனால் முந்தவேண்டிய தேவையே இல்லை. டிராக்டரும் பஸ்ஸும் மொபெட்டும் ஒரே தாரில் கலந்து ஓடும்போது இந்த முந்தல்தான் பெருகுகிறது.

அப்புறம் ஒன்று. லேசான அடி என்றால் நம் ஆட்கள் ஸ்டேஷனுக்குப் போவதே இல்லை, அதனால் போலீஸ் பதிவை மட்டும் நம்பிப் போடுகிற கணிப்பு குறைவாகத்தான் காட்டும். எண்ண வந்தவர்கள் கரும்பு வெட்டு இல்லாத மாதத்தில், பகலில் மட்டும் உட்கார்ந்திருந்தால், வெட்டுக் காலத்தில் ராத்திரியிலும் ஒருமுறை எண்ணச் சொல்லி நெடுஞ்சாலைத் துறைக்கு மனு கொடுங்கள். அந்த அரையடிப் பள்ளத்தையும் அதிலேயே எழுதுங்கள்.