வாசகர் கேள்வி பதில்: மாநகர் மன்றத்திடம் எப்போது, எப்படிச் சொல்வது?

கேள்வி: எங்கள் பகுதிக் கவுன்சிலருக்கு நாங்கள் யாரும் ஓட்டுப் போடவில்லை. பிறகு எங்கள் பேச்சை அவர் ஏன் கேட்க வேண்டும்? (வாசகர், ஜெலுத்தோங்)

நியாயமான கேள்வி. மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகர் ஜோர்ஜ்டவுனில் 1951லேயே நகராண்மைத் தேர்தல் நடந்தது. 1957ல் மாநகரான பிறகு மேயராக வந்தவர்களில் ஒருவர் டி.எஸ். ராமநாதன், பழைய ஸ்காட் ரோடு இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. 1965ல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள், பிறகு 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் (சட்டம் 171) நியமன முறையை நிரந்தரமாக்கிவிட்டது. தேர்தலை மீட்க பினாங்கு 2012ல் தனிச் சட்டமே இயற்றியது. 2014ல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்றது.

ஆகவே கவுன்சிலரை நியமிப்பது மாநில அரசு. மேயர் நீங்கலாக 8 முதல் 24 பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள இரண்டு மாநகர் மன்றங்களிலும் 24 பேர் வீதம் இருக்கிறார்கள். கவுன்சிலருக்கு உங்கள் ஓட்டு தேவையில்லை என்றாலும், அவரை நியமித்தவர்களுக்குத் தேவை. அதனால் கவுன்சிலருக்கு எழுதும் எந்தக் கடிதத்துக்கும் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல் வையுங்கள்; கடிதத்தின் அடியில் 'எஸ்.கே.' (மலாயில் 'சாலினான் கெபாடா', அதாவது 'நகல் இன்னாருக்கு') என்று போட்டு அவர் பெயரையும் எழுதுங்கள். நகல் போயிருப்பது கவுன்சிலருக்கும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. அவர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்பதை முதலில் விசாரியுங்கள். நிதி, பொறியியல், திட்டமிடல் என்று எந்த விஷயமும் முதலில் குழுவில்தான் அலசப்படும். முழு மன்றத்துக்கு வரும்போது பெரும்பாலும் பழுத்த பழமாக வந்து சேரும். உங்கள் பகுதிக்காரர் நிதிக் குழுவில் இல்லையென்றால், அதில் இருப்பவருக்கும் எழுதுங்கள்.

கேள்வி: பக்கத்து நிலத்தில் 30 மாடிக் கட்டடம் வரப்போவதாக மன்றத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. 200 பேரிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டோம். போதுமா? (வாசகர், பாயா தெருபோங்)

கையெழுத்து வேட்டையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, கடிதத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின் (சட்டம் 172) 21(6) பிரிவின்படி வந்த அறிவிப்பு அது. உங்கள் கையில் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபிக்க வேண்டும். இருபத்திரண்டாம் நாள் ஆயிரம் கையெழுத்தோடு போனாலும் வாங்கி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

இந்த உரிமை பக்கத்து நில உரிமையாளருக்கு மட்டுமே. ஒட்டிய நிலம், 20 மீட்டருக்கு மேல் அகலமில்லாத சாலை, சந்து, கால்வாய் ஆகியவற்றுக்கு அப்பால் உள்ள நிலம், முட்டுச் சந்தாக முடியும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்ளும், 200 மீட்டருக்குள் இருக்கும் நிலம். இவ்வளவுதான் 'பக்கத்து நிலம்'. எதிர் மலையடிவாரத்தில் குடியிருப்பவர் ஆதரவாக எழுதலாம், ஆனால் சட்டப்படி அவருக்கு இடமில்லை. வாடகைக்கு இருப்பவருக்கும் அப்படியே. அவர் வீட்டுக்காரரைக் கொண்டுதான் எழுத வேண்டும்.

நம்மவர்களிடம் அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. வீடு இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருக்கும். அறிவிப்பு அவர் பெயருக்கு, பழைய முகவரிக்குப் போய்த் திரும்பி வந்துவிடும். பெயர் மாற்றாமல் விட்டவர்கள் இதற்காகவாவது மாற்றுங்கள்.

அடுத்து, ஆட்சேபக் காரணம். 'எங்களுக்கு இது வேண்டாம்', 'வீட்டின் விலை இறங்கிவிடும்' என்பவை எடுபடுவதில்லை. திட்டமிடல் பிரிவுக்குப் போய் வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். நுழைவுச் சாலையின் அகலம் எவ்வளவு, மழை நீர் எந்தக் கால்வாயில் விழுகிறது, ஏக்கருக்கு எத்தனை வீடு, வாகன நிறுத்தம் எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். பாயா தெருபோங் என்பதால் சரிவையும் கட்டாயம் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல், அல்லது 25 பாகைக்கு மேல் சரிவுள்ள நிலத்தைப் பினாங்கில் மலை நிலம் என்றே கணக்கில் எடுக்கிறார்கள். உங்கள் ஆட்சேபத்தில் அந்த எண் இருந்தால், அதிகாரி அதற்குப் பதில் எழுதியாக வேண்டிய நிலை வரும்.

கடிதம் மலாயில், ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். மேலே அறிவிப்பின் கோப்பு எண், உங்கள் பெயர், அடையாள அட்டை எண், நில லாட் எண். கீழே மூன்று நான்கு காரணங்கள், ஒவ்வொன்றும் தனிப் பத்தியாக. கடைசியில், 'விசாரணையில் நேரில் பேச விரும்புகிறேன்' என்ற வரியை மறக்காதீர்கள். முகப்பில் கொடுக்கும்போது உங்கள் நகலில் 'தெரிமா' (பெற்றுக்கொண்டோம்) முத்திரையும் தேதியும் குத்தித் தரச் சொல்லுங்கள். மின்னஞ்சல் அனுப்பினாலும் இதைச் செய்யுங்கள். மன்ற அலுவலகம் இருக்கும் கொம்தாருக்கு ஒரு நடை போய்வருவது வீணாகாது.

ஆட்சேபம் கிடைத்த 30 நாளுக்குள் விசாரணை நடக்க வேண்டும். ஆளுக்கு ஒரு காரணமாகப் பிரித்துக்கொண்டு பேசுங்கள். எல்லாரும் போக்குவரத்து நெரிசலையே சொன்னால் நேரம்தான் கரையும். முடிவு உங்களுக்கு எதிராக வந்தால், அது தெரிவிக்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். முதலில் ஆட்சேபம் கொடுத்த பக்கத்து நில உரிமையாளருக்கே அந்த வழியும் திறக்கும். அந்த 21 நாள் முக்கியம் என்பது இதனால்தான்.

ஒரு முன்னெச்சரிக்கை: உங்கள் பகுதிக்கு உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வெளியாகிவிட்டால், மன்றம் இப்படி அறிவிப்புக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எந்த நிலம் வீட்டுக்கு, எது கடைக்கு, எவ்வளவு அடர்த்தி என்பதெல்லாம் அந்தத் திட்டத்திலேயே முடிவாகியிருக்கும். திட்டம் வரைவாக இருக்கும்போது குறைந்தது நான்கு வாரம் மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். பத்திரிகையின் உள் பக்கத்தில் மலாயில் வரும் சின்ன அறிவிப்பைத் தவறவிட்டவர்கள், சில வருடம் கழித்துக் கட்டடம் எழும்பும்போதுதான் விழித்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: கால்வாய் அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. புகார் கொடுத்தால் கொஞ்ச நாளில் 'முடிந்தது' என்று பதில் வருகிறது. ஒன்றும் முடியவில்லையே? (வாசகர், புக்கிட் மெர்தாஜம்)

கிணற்றில் போட்ட கல்லாகப் புகார் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, அது வேறு இலாகாவின் சொத்து. சாலையோரக் கால்வாயும் பின் சந்துக் கால்வாயும் மன்றத்தினுடையது. ஆறும் பெரிய வடிகாலும் வடிகால், நீர்ப்பாசன இலாகா. சாக்கடை மூடி கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர். குடிநீர்க் குழாய் தண்ணீர் வாரியம். பெரிய சாலைகள் பல பொதுப்பணி இலாகாவிடம். கடிதத்தை அங்கே தள்ளிவிட்டாலே மன்றத்தின் கணினியில் 'முடிந்தது' ஆகிவிடுகிறது. எந்த இலாகாவுக்கு, எந்தக் கடித எண்ணில் அனுப்பினீர்கள் என்று கேட்டு வாங்குங்கள். கோலாலம்பூர் உறவினர் குப்பைக்கு, அங்கே குப்பை அள்ளும் நிறுவனமான அலாம் ஃபுளோராவை அழைக்கச் சொல்வார். அது இங்கே பலிக்காது. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தைப் பினாங்கு ஏற்கவில்லை, இங்கே குப்பையும் மன்றத்தின் பொறுப்புதான்.

இரண்டாவது காரணம்தான் பெரிது. கால்வாயைத் தூர்வாருவது புகார். ஆளை அனுப்பினால் முடிந்துவிடும். கால்வாயே சின்னது, அகலப்படுத்த வேண்டும் என்பது மன்றம் எடுக்க வேண்டிய தீர்மானம். அதற்குப் பொறியியல் பிரிவின் மதிப்பீடும் வரவுசெலவில் பணமும் வேண்டும். பத்துத் தடவை புகார் கொடுத்தாலும் தூர்வாரத்தான் வருவார்கள். தண்ணீர் ஏறிய தேதிகள், சுவரில் எத்தனை அங்குலம் ஏறியது, கால்வாயின் அகலம், ஆழம், பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண், அளவு நாடா வைத்து எடுத்த படம் ஆகியவற்றோடு பொறியியல் பிரிவுக்கு எழுதி, கவுன்சிலருக்கு நகல் வையுங்கள்.

கேள்வி: கால்வாயை அகலப்படுத்துவது போன்ற வேலைக்கான பணத்தை மன்றத்திடம் எப்போது கேட்க வேண்டும்? (வாசகர், பட்டர்வொர்த்)

ஆண்டின் நடுப்பகுதிக்குள். மன்றத்தின் கணக்காண்டு ஜனவரியில் தொடங்குகிறது. அடுத்த ஆண்டின் வரவுசெலவு மதிப்பீட்டை அதற்கு முன்பே மன்றம் நிறைவேற்றி மாநில அரசின் ஒப்புதலுக்கு அனுப்பியாக வேண்டும். நவம்பரில் போய் நின்றால் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்பார்கள், அது பொய்யுமல்ல.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி. பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகம் 2012ல் இரண்டு மன்றங்களுடனும் சேர்ந்து ஜாலான் சுங்கை, அம்பாங்கான் மக்கள் வீடுகளில் ஒரு முறையைத் தொடங்கியது. குடியிருப்பாளர்களை ஆண்கள், பெண்கள், இளையோர் என்று பிரித்துத் தேவைகளைக் கேட்பது, பிறகு எது முதலில் என்று அவர்களையே வாக்களிக்க வைப்பது. பிரித்துக் கேட்பதில்தான் சூட்சுமம். பொதுக் கூட்டம் போட்டால் மைக் பிடித்தவர் பேசுவதே தேவையாகிவிடும்.

கேள்வி: மதிப்பீட்டு வரி ஏறும் என்று கடிதம். ஓய்வூதியக்காரன் நான், ஆட்சேபிக்கலாமா? (வாசகர், ஆயர் ஈத்தாம்)

ஆட்சேபிக்கலாம், ஆனால் 'என்னால் கட்ட முடியாது' என்பது சட்டத்தில் உள்ள காரணமல்ல. சலுகை வேண்டுமென்றால் தனியாக மனு போடுங்கள். ஆட்சேபம் ஆண்டு மதிப்பைப் பற்றியது. அதாவது உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு வரும் என்ற கணக்கு. மாதம் 800 வெள்ளி என்றால் 9,600. மன்றம் 14,400 என்று போட்டிருந்தால், அதே வரிசையில் அதே மாதிரி வீட்டின் வாடகை ஒப்பந்த நகல் இரண்டு மூன்று சேர்த்துக் கொடுங்கள்.

புதிய மதிப்பீட்டுப் பட்டியல் என்றால், பரிசீலனைக்குக் குறித்த நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பாக எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். வீட்டை நீட்டிக் கட்டியதால் தனியாக வந்த கடிதம் என்றால் 10 நாள் முன்பாக. இடையில் பில் வந்தால் பிப்ரவரி, ஆகஸ்டு இறுதிக்குள் கட்டிவிடுங்கள்.

கேள்வி: மன்றக் கூட்டத்துக்கு நாங்கள் போகலாமா? சங்கம் பதிய வேண்டுமா? (வாசகர், பாயான் பாரு)

போகலாம். சட்டம் 171ன் 23ஆம் பிரிவின்படி முழு மன்றக் கூட்டம் மக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது. குழுக் கூட்டங்கள் அப்படியல்ல. உட்கார்ந்து கேட்கலாம், எழுந்து பேச முடியாது. உங்கள் விஷயம் வருவதாக இருந்தால், முதலில் செயலாளர் அலுவலகத்தில் தேதியையும் இட வசதியையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

சங்கம் கட்டாயமில்லை. தனியாளின் கடிதமும் கடிதம்தான். ஆனால் சங்கம் என்று பெயர் வைத்து ஏழு பேரோ அதற்கு மேலோ செயல்படப் போகிறீர்கள் என்றால் சங்கப் பதிவிலாகாவில் பதிந்துவிடுங்கள். பதிந்த பின் ஆண்டுக் கூட்டமும் கணக்கறிக்கையும் வருடாவருடம் உண்டு. அதற்கு ஆள் இல்லையென்றால், நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதமே போதும்.