ஆகஸ்டில் மலைநாட்டு நடை: எந்தப் பக்கம்?

கேள்வி: ஆகஸ்ட் விடுமுறையில் நானும் தோழியும் பீக்கோ ட்ரெயில் என்ற தேயிலைமலை நடைபாதையில் ஏழு நாள் நடக்கப்போகிறோம். ஹட்டன் பக்கம் தொடங்குவதாகத் திட்டம். மழைக்கு எந்த ஜாக்கெட், எந்தச் சப்பாத்து வாங்கலாம், அக்கா?
– ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்: கடைக்குப் போக முதல் திட்டத்தை மாற்றுங்கள், தங்கச்சி. ஆகஸ்டில் தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் முட்டி, கொண்டுவந்த தண்ணீரை ஹட்டன், மஸ்கெலியா பக்கமே கொட்டிவிடும். முகட்டைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது அதே காற்று காய்ந்து, கச்சான் என்கிற வறண்ட காற்றாகிவிடும். ஊவாத் தேயிலையின் பேர்பெற்ற வாசம் ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்தக் காற்றில்தான் கொழுந்தில் ஏறுகிறது. ரயிலில் போனால் பட்டிப்பொல தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்வரை மழை, வெளியே வந்தால் வெயில் என்பார்கள். நானும் ஒருமுறை அப்படியே பார்த்தேன்.

பாதை மொத்தம் 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். சராசரியாக ஒரு கட்டம் 14 கிலோமீட்டர் வரும். நீங்கள் ஊவாவிலுள்ள அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல பக்கமாக ஐந்தாறு கட்டம் நடந்தால் போதும். ஒரு நாளைச் சும்மா விட்டுவையுங்கள்.

அங்கேயும் பின்னேரத்தில் ஒரு மழை வரலாம், காலையில் பனி இருக்கும். தேயிலைக்குள் நடக்கிறவரை நனைப்பது வானமல்ல, செடி. இடுப்பளவு நிற்கும் ஈரச் செடிகள் பத்து நிமிடத்தில் காற்சட்டையைப் பிழியவைத்துவிடும். கொழுந்து பறிக்கும் அம்மாமார் இடுப்பில் படங்கு கட்டிக்கொள்வது அதற்குத்தான். நீங்களும் ஒரு தடித்த பொலித்தீனைச் சுற்றிக் கட்டுங்கள்.

சப்பாத்து புதிதாக வேண்டாம். காலுக்குப் பழகிய, அடி தேயாத ஒன்று போதும். புல்வெளியில் பிரச்சினை இல்லை. பாசி பிடித்த கல்படியில் இறங்கும்போதுதான் வழுக்கும், பக்கவாட்டாகக் கால் வையுங்கள். காலுறையில் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டால் அட்டை ஏறத் தயங்கும். ஏறிவிட்டால் பிடுங்காமல் நகத்தால் வழித்துத் தள்ளுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட வேண்டாம். இரவுக்கு ஒரு சோடி உடுப்பைப் பைக்குள் கட்டி வையுங்கள். எவ்வளவு நனைந்தாலும் பகலில் அதைத் தொடக்கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று விடுக்கும். நீங்கள் போகும் பிரதேசத்துக்கு மஞ்சள் வந்தாலே அன்றைய நடையை விட்டு, தங்கும் இடத்திலேயே தேநீர் குடித்துக்கொண்டு இருங்கள்.

சரி, ஜாக்கெட்? வீட்டில் இருப்பதையே கொண்டுபோங்கள். ஏற்றத்தில் எந்த ஜாக்கெட்டுக்குள்ளும் வியர்த்தே நனைவீர்கள். அப்புத்தளை முகட்டில் அது காற்றுக்குத்தான் தேவைப்படும். அங்கே குடையை விரித்தால் கம்பிதான் மிஞ்சும்.