இரைப்பை நெஞ்சுக்குள் இருக்கிறதாம், பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது?

கேள்வி: என் மகளுக்கு 21-வது வாரம். சேலத்தில் எடுத்த அனாமலி ஸ்கேனில், குழந்தையின் உதரவிதானத்தில் ஓட்டை இருக்கிறது, இரைப்பை நெஞ்சுக்குள் ஏறிவிட்டது என்கிறார்கள். மாசமாக இருக்கும்போது பஸ்ஸில் மலை ஏறி இறங்கியதால்தான் என்கிறார் சம்பந்தியம்மா. பிறந்த உடனே ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா? வழக்கமாகப் போகும் நர்சிங் ஹோமிலேயே பிரசவம் பார்க்கலாமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: முதலில் சம்பந்தியம்மா விஷயத்தை முடித்துவிடுவோம். பஸ்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. உதரவிதானம் என்பது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தடுப்பு. கருவின் முதல் சில வாரங்களிலேயே மூடவேண்டியது, மூடாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். கொண்டை ஊசி வளைவுகளால் வருமென்றால் ஏற்காட்டில் பாதிப் பிள்ளைகளுக்கு வந்திருக்க வேண்டும். சுமார் 3,000 குழந்தைகளில் ஒன்றுக்கு எங்கும் வருவதுதான். உங்கள் மகளை யாரும் குறை சொல்ல விடாதீர்கள்.

ஓட்டையைத் தைத்துவிடலாம், பெரிதாக இருந்தால் பேட்ச் வைக்கலாம். கவலை நுரையீரலைப் பற்றித்தான். ஸ்கேனில் இதயத்துக்குப் பக்கத்திலேயே கறுப்பாக ஒரு குமிழ் தெரியும், அதுதான் இரைப்பை. அது இதயத்தையே ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது என்றால் நுரையீரல் வளர எங்கே இடம்? அதன் ரத்தக்குழாய்களில் அழுத்தமும் கூடிவிடும். அதனால் பிறந்த உடனே கத்தி வைக்க மாட்டார்கள், மூச்சும் ரத்த ஓட்டமும் நிலைக்குவந்த பிறகுதான் ஆபரேஷன், அதற்குச் சில நாட்கள்கூட ஆகலாம்.

அடுத்து, கருவின் குறைகளைப் பார்க்கும் ஃபீட்டல் மெடிசின் டாக்டரிடம் சீக்கிரம் போங்கள். நுரையீரல் இந்த வாரத்துக்கு இருக்கவேண்டிய அளவில் எத்தனை சதவீதம், கல்லீரலும் மேலே ஏறியிருக்கிறதா என்று கேளுங்கள். இடப்பக்க ஓட்டையில் 25 சதவீதத்துக்குக் கீழே என்றால் கடுமையானது. இதயத்துக்குத் தனியாக எக்கோ ஸ்கேன், பனிக்குட நீர் எடுத்துக் குரோமோசோம் பரிசோதனை இரண்டும் தேவை, ஏனென்றால் வேறு குறைகளும் சேர்ந்திருந்தால் கணக்கே மாறிவிடும். கருக்கலைப்பு பற்றி யோசிக்கவேண்டி வந்தால், 24 வாரம் தாண்டிவிட்டால் மருத்துவ வாரியத்தின் அனுமதி வேண்டும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

நுரையீரல் வளரட்டும் என்று கருவிலேயே மூச்சுக்குழாயில் சின்ன பலூன் வைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. 2021-ல் வெளியான ஆய்வில், கடுமையான இடப்பக்கப் பாதிப்பில் பலூன் வைத்தவர்களில் 40 சதவீதம் குழந்தைகள் பிழைத்து வீடு திரும்பின, வைக்காதவர்களில் 15. ஆனால் பனிக்குடம் முன்கூட்டியே உடைவதும் குறைமாதப் பிரசவமும் இதில் அதிகம், எல்லா ஊரிலும் செய்வதுமில்லை.

அப்புறம் நர்சிங் ஹோம். வேண்டாம், அம்மா. இந்தக் குழந்தைக்கு முதல் சில நிமிடங்கள்தான் எல்லாமே. முகத்தில் மாஸ்க் வைத்துப் பையை அழுத்திக் காற்று கொடுத்தால் அது நெஞ்சுக்குள் கிடக்கும் இரைப்பையையும் குடலையும் உப்பவைத்து, இருக்கிற கொஞ்ச நுரையீரலையும் நசுக்கும். நேராக மூச்சுக்குழாயில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைக்கவேண்டும், இரைப்பைக்கும் தனிக்குழாய் போட்டுக் காற்றை இழுக்கவேண்டும். பிறந்தபின் ஆம்புலன்ஸில் கொண்டுபோவதைவிட வயிற்றில் இருக்கும்போதே கொண்டுபோவது எவ்வளவோ மேல். குழந்தைகள் அறுவை நிபுணரும் நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்தைக் குறைக்கக் கொடுக்கும் நைட்ரிக் ஆக்சைடு வாயு வசதியும் ஒரே கட்டடத்தில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, சேலமோ கோவையோ சென்னையோ, இடத்தை இப்போதே முடிவுசெய்யுங்கள். சிசேரியன்தான் என்று கட்டாயமில்லை. ஒன்பதாம் மாதம் தொடங்கியதுமே மலையைவிட்டு இறங்கி அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கிவிடுங்கள், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் கையோடு இருக்கட்டும்.