ஃபிளைட் டிஸ்பாட்சர் வேலையும் ராம்ப் வேலையும் ஒன்றா?

இல்லை. "டிஸ்பாட்ச்" என்ற சொல்லை விமானத்தை வழியனுப்பும் வேலை என்று எடுத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது.

டிஸ்பாட்சர் பெரும்பாலும் விமானத்தின் பக்கமே போவதில்லை. விமான நிறுவனத்தின் கட்டுப்பாட்டு மையத்தில் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பல விமானங்களைப் பார்த்துக்கொள்வார். ஜனவரி மாதம், சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு விமானம் என்று வையுங்கள். டெல்லியில் மூடுபனி. இறங்க முடியாவிட்டால் எங்கே திருப்புவது, ஜெய்ப்பூரா லக்னோவா, அதுவரை வட்டமிட எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்று கணக்குப் போடுவது அவர்தான். அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனங்களில் பயணத் திட்டத்துக்கு கேப்டனும் டிஸ்பாட்சரும் சமப் பொறுப்பு. அங்கே டிஸ்பாட்சர் உரிமம் பெற 23 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

ராம்ப் என்பது விமான நிலையத்தில் விமானங்கள் நிற்கும் தளம். அங்கே வேலை என்றால் வெயிலும் மழையும் இரைச்சலும். விமானம் வந்து நின்றதும் உடனே ஓடிவிட முடியாது. எஞ்சின் அடங்கி, விமானத்தில் மின்னும் சிவப்பு விளக்கு அணைந்த பிறகே சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுப் பெட்டிகளை இறக்குவார்கள். அப்புறம் ஏற்றுவது, பின்னால் தள்ளிவிடுவது எல்லாம். எந்தப் பெட்டி எந்தச் சரக்கு அறையில் என்பதில் தவறினால் விமானத்தின் சமநிலையே கெடும். இதை வெறும் கூலி வேலை என்பவர்களை என்னால் ஏற்க முடியாது.

இரண்டும் சந்திக்கும் இடம் எடை. டிஸ்பாட்சர் எரிபொருளைக் கூட்டினால், சில நேரம் ஏற்றிய சரக்கையே ராம்ப் ஆட்கள் இறக்க வேண்டியிருக்கும்.

வானிலையும் கணக்கும் பிடித்தால் முதலாவது, கையும் காலும் ஓடவேண்டும் என்றால் இரண்டாவது.