சிங்கம் செத்துவிட்டது, ஓடி வாருங்கள்!

கேள்வி: பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவாவின் சிங்கம், புலிச் சித்திரங்களைப் போன இதழில் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்தீர்கள். மனிதர் காட்டுப் பக்கமே போகாமல், பாரிஸில் கூண்டுக்கு வெளியே நின்று வரைந்தவராமே? இதில் என்ன ‘காட்டு விலங்கு’?
– வாசகர், திருச்சி

பதில்: கூண்டருகே மட்டுமா நின்றார்? பிணத்தருகேயும் நின்றார். அதை விட்டுவிட்டீர்களே!

1820-களின் கடைசியில் பாரிஸ் மிருகக்காட்சிசாலையில் ஒரு சிங்கம் இறந்தது. உடனே டெலக்ருவா தன் நண்பர், சிற்பி பாரீக்குச் சீட்டு அனுப்பினார்: “சிங்கம் செத்துவிட்டது, ஓடி வாருங்கள்.” அவசரம் ஏனென்றால், உடல் கெடுவதற்குள் பார்த்தாக வேண்டும். தோலுரித்த அந்த உடலைத் திரும்பத் திரும்ப வரைந்த தாள்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் பிடரிமயிரும் இல்லை, கர்ஜனையும் இல்லை, தசைதான். சிங்கத்தின் முன்னங்கால், முறுக்கித் திருப்பி வைத்த மனிதக் கை மாதிரி இருப்பதாக அவர் வியந்ததுண்டு. சஃபாரி ஜீப்பில் ஆயிரம் தடவை போனாலும் அது கண்ணில் படுமா, சொல்லுங்கள்.

1830-இல் தீட்டிய ‘தாயோடு விளையாடும் புலிக்குட்டி’ ஓவியத்தைப் பாருங்கள். தாய் நீட்டிப் படுத்திருக்கிறது. குட்டி அதன் முதுகில் சாய்ந்துகிடக்கிறது. பாய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை. வீட்டுப் பூனை வைத்திருப்பவர்களுக்குப் பார்த்ததும் சிரிப்பு வரும். ஆனாலும் அந்தத் தோள்பட்டையின் கனத்தைப் பார்த்தால், கிட்டே போகத் துணிய மாட்டீர்கள்.

உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம். அதை ஸ்கெட்ச் மேல் போடாமல், பிற்காலத்து வேட்டை ஓவியங்கள் மேல் போடுங்கள். அவர் 1832-இல் மொராக்கோ போனார். ஆனால் நோட்டுப்புத்தகத்தில் அள்ளிவந்தது குதிரைகளையும் ஆட்களையும் உடைகளையும்தான். சிங்க வேட்டையின் அமளியில் பாதி, அவர் விழுந்து விழுந்து பார்த்த பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் ரூபன்ஸின் வேட்டைப் படங்களிலிருந்து வந்தது. நாடகம் கொஞ்சம் தூக்கல்தான். எனக்கும் அவற்றைவிட, பென்சிலில் கிறுக்கிய ஒரு பாதம் போதும்.

அந்த நாடகத்திலும் மிருகத்துக்குத்தான் ஆயுள் கெட்டி. 1855-இன் பெரிய ‘சிங்க வேட்டை’, 1870-இல் பிரான்ஸின் போர்தோ நகரில் தீப்பிடித்ததில் மேல்பகுதியை இழந்தது. குதிரைவீரர்கள் போய்விட்டார்கள், கீழே சிங்கங்கள் இருக்கின்றன.