வாசகர் கேள்விகள்: மழை விடுமுறையும் பனங்கிழங்கும்

கேள்வி: தீபாவளி வருகிறது என்றால்கூட என் மகன் இவ்வளவு துள்ளுவதில்லை; மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை என்றால் வீடே அதிர்கிறது. அதில் அப்படி என்னதான் இருக்கிறது? (ஒரு தந்தை, சென்னை)

பதில்: தீபாவளி என்றைக்கு என்பது நாட்காட்டியில் முன்கூட்டியே அச்சாகிவிடுகிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது மாவட்ட ஆட்சியர் அறிவிக்கும் விடுமுறையோ யாருக்கும் முன்னதாகத் தெரியாது. செங்கல்பட்டுக்கு விட்டாயிற்று, திருவள்ளூருக்கும் விட்டாயிற்று, சென்னைக்கு மட்டும் இன்னும் செய்தி வரவில்லை என்று தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்துகளைப் பார்த்தபடி ஒரு காலில் காலுறையோடு நிற்கும் தவிப்பிலேயே பாதி இன்பம் இருக்கிறது. அறிவிப்பு வந்த பிறகு வெயில் சுள்ளென்று அடித்தால் மீதிப் பாதியும் கிடைத்துவிடும். தாழ்வான பகுதியில் முழங்கால் நீரில் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுகிறவர்களுக்கு இது இன்பமல்ல என்பதை மட்டும் பையனுக்குச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: பொங்கலுக்கு நெல்லைக்குப் போனாலும் பிள்ளைகள் கைபேசியைவிட்டு எழுவதில்லை. எங்கள் காலத்துச் சின்னச் சின்னச் சந்தோஷங்கள் இவர்களுக்கு எட்டாமலே போய்விடுமா? (ஒரு வாசகி, பெங்களூரு)

பதில்: பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோலத்துக்கு ஒட்டுத்தாளும் பலகாரத்துக்குக் கடையும் என்று ஏற்பாடு செய்துவிட்டு, செய்வதற்கு வேலை எதுவும் மிச்சம் வைக்காமல், ‘வந்து மகிழ்ச்சியாக இரு’ என்று அழைத்தால் யார்தான் எழுந்து வருவார்கள்? நீங்கள் போகிற ஊரிலேயே இதற்கு நல்ல வழி இருந்திருக்கிறது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துச் சிறுமிகள் மார்கழி முழுவதும் விடியலில் வாசலில் கோலமிட்டு, சாண உருண்டையில் பூசணிப்பூவைச் செருகி வைப்பார்கள்; அந்தப் பூவையும் சாணத்தையும் சேர்த்துச் சிறு வறட்டிகளாகத் தட்டிக் காயவைத்துச் சேர்த்துக்கொண்டே வருவார்கள். தை பிறந்ததும் முற்றத்தில் களிமண்ணால் சிறுவீடு கட்டி, அங்கே தாங்களே பொங்கலிட்டு, சேர்த்த வறட்டிகளில் சூடமேற்றி ஆற்றிலோ குளத்திலோ மிதக்க விடுவார்கள். பெரியவர்களின் பொங்கலுக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களாக இல்லாமல், சிறுவீட்டுப் பொங்கலுக்கு அவர்களே வீட்டுக்காரர்களாக இருந்தார்கள். நான்கு நாள் விடுப்பில் ஒரு மாதத்து வேலை முடியாதுதான்; ஆனாலும் செங்கல் அடுப்பையும் ஒரு சிறு பானையையும் பிள்ளைகளிடமே ஒப்படைத்துவிட்டு நீங்கள் திண்ணையில் உட்காரலாம். பொங்கல் அடிபிடித்தால் அடிபிடிக்கட்டும்.

கேள்வி: இந்தப் பருவத்துக்கே உரிய தின்பண்டம் ஒன்றைச் சொல்லுங்கள், கடையில் ஆண்டு முழுவதும் கிடைப்பதாக இருக்கக் கூடாது. (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பனங்கிழங்குதான். பனம்பழம் உதிரும் காலத்தில் கொட்டைகளைப் பொறுக்கி, மணற்பாங்கான பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மண் மூடிவிட்டால், முளை கீழ்நோக்கி இறங்கி, மார்கழி, தை மாதங்களில் தோண்டும் அளவுக்குக் கிழங்காகிவிடும். முளைவிடும் பருவத்தில் கொட்டையை வெட்டினால் உள்ளே வெண்மையாக, பஞ்சு போல இனிக்கும் தவுண் இருக்கும். அதற்காகவே பாத்தியைக் களவாகக் கிளறாத பையன் பனங்காட்டு ஊர்களில் அரிது. கிழங்கை உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து நடுவிலுள்ள பீலியை, அதாவது மெல்லிய குருத்தை, நீக்கி, நாரை உரித்தபடியே தின்ன வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது ஏற்ற பண்டமல்ல. நாருக்கு அஞ்சுகிறவர்கள் துண்டுகளாக்கி, பச்சை மிளகாய், பூண்டு, தேங்காய்த் துருவல், உப்பு சேர்த்து உரலில் இடித்துக்கொள்ளலாம். மின்அம்மியில் அரைத்தால் கூழாகிவிடும் என்பதால் உரல் இல்லாதவர்கள் கிழங்கைக் கையால் கிள்ளிப் பிசைந்துகொள்வதே நல்லது.