காதில் ஓடும் பாட்டும் வாயில் வரும் பாட்டும்

வணக்கம்,

காலையில் எழுந்ததும் இயர்போனை மாட்டினால் இரவு தூங்கும்வரை ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது, பேருந்தில், அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும்போது என்று எல்லா நேரமும். ஆனால் மாலையில் யோசித்துப் பார்த்தால் அன்று கேட்ட ஒரு பாட்டுகூட நினைவில் இல்லை. வேலைக்கு நடுவில் பாட்டை ஓடவிடுவது இசையை அவமதிப்பது, கேட்டால் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்கிறார் என் அண்ணன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வேறு வேலை எதுவும் இல்லாமல் ஒரு பாட்டை முழுசாகக் கேட்பது பெரிய சுகம்தான். ஆனால் வேலையோடு சேர்ந்த இசை மட்டம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பாய்மரக் கப்பலில் பாயை ஏற்றக் கயிறு இழுத்தவர்கள் அலுப்புத் தெரியாமல் இருக்க மட்டும் பாடவில்லை. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுகிற அந்தச் சொல்லில்தான் அத்தனை பேருடைய பலமும் ஒரே நொடியில் சேர்ந்தது. தாலாட்டிலும் ஆட்டுகிற கையின் வேகம்தான் பாட்டின் வேகம். வேலையிலிருந்து இசையைப் பிரித்துத் தனியாக உட்கார வைத்துத்தான் மரியாதை செய்ய வேண்டும் என்றில்லை.

உங்கள் குறை வேறு இடத்தில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கடிதம் முழுக்கக் கேட்பதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். பாடியதாக, முணுமுணுத்ததாகக்கூட ஒரு வரி இல்லை.

1877-ல் எடிசன் போனோகிராஃப் என்ற ஒலிப்பதிவுக் கருவியைச் செய்யும்வரை, பாடி முடித்த குரலை மறுபடி கேட்க வழியே கிடையாது. வீட்டில் பாட்டு வேண்டுமென்றால் வீட்டில் இருக்கிற யாராவது, நல்ல குரலோ கெட்ட குரலோ, வாயைத் திறந்தாக வேண்டும். அப்புறம் 1940-ல் பிபிசி வானொலி தொழிற்சாலைகளுக்காகவே தினமும் இரண்டு முறை அரைமணி நேரம் இசை ஒலிபரப்பத் தொடங்கியது. 1979-ல் வாக்மன் என்ற கையடக்கக் கேசட் கருவி வந்தபோது பாட்டு ஒரே ஒருவரின் காதுக்குள் போய்விட்டது. இதில் எதையும் நான் குறை சொல்லவில்லை, இவை இல்லாமல் எவ்வளவோ பாடகர்களை நான் கேட்டிருக்கவே முடியாது. ஆனால் ஸ்டுடியோவில் திருத்தித் திருத்தி எடுத்த குரலையே நாள்முழுக்கக் கேட்கும் நமக்கு நம் குரல் கூச்சமாகிவிட்டது. "எனக்குப் பாட வராது" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்!

போன வருடம் என் இயர்போன் பழுதாகி நாலைந்து நாள் மாற்றாமல் இருந்தேன். முதல் இரண்டு நாள் வீடு வெறிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் துணி மடிக்கும்போது, பல வருடமாக நினைக்காத ஒரு பாட்டு தானாக வாயில் வந்தது. பல்லவி முழுதும் வந்தது, சரணத்தில் பாதிக்குமேல் வெறும் "ன்னன்னா"தான். ஆயிரம் தடவை கேட்ட பாட்டு அது. கேட்பது வேறு, நம்மிடம் இருப்பது வேறு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பக்கவாதத்தில் பேச்சை இழந்த சிலர் பேச முடியாத சொற்களைப் பாட்டாகப் பாடிவிடுகிறார்கள். அதையே சிகிச்சையாக்கி, சொற்களை ராகம்போல இழுத்துச் சொல்லிப் பழக்கும் முறையை மருத்துவர்கள் 1973-லேயே எழுதிவிட்டார்கள். வாயில் ஏறிய பாட்டு அவ்வளவு ஆழத்தில் போய் உட்கார்கிறது.

காலையிலிருந்து இரவுவரை என்கிறீர்களே, காதையும் கொஞ்சம் கவனியுங்கள். 80 டெசிபல் அளவுச் சத்தமென்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்வரைதான் காதுக்குப் பாதுகாப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

பேருந்தில் கேளுங்கள், கணக்குப் பார்க்கும்போதும் கேளுங்கள், அண்ணன் கோபித்தால் கோபிக்கட்டும். பாத்திரம் கழுவும் நேரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அந்த நேரத்தில் இயர்போன் வேண்டாம். பிடித்த ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு சத்தமாகப் பாடுங்கள், சுருதி எப்படிப் போனாலும் சரி. இரண்டாவது சரணம் முழுசாக வந்ததும் எனக்கு எழுதுங்கள்.